பெரியவனுக்கு வயது பதினாலு

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்கிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வலிக்குமா?" மற்ற கிளினிக்குகளில் இதற்கு, "சேச்சே, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று பதில் வரும். இந்தக் கிளினிக்கில் கேள்வி வந்ததும் டாக்டர் மேலே விளக்கைப் பார்ப்பார். பதில் சொல்வது, பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண். "வலிக்கும்," என்பாள். கேட்டார்கள், சொன்னாள், அவ்வளவுதான். சில பேர் அத்தோடு எழுந்து செருப்பைத் தேடியதும் உண்டு.

பத்தொன்பது வயதில் சேர்ந்தவள். இப்போது இருபத்துநாலு வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் டாக்டர் கெஞ்சிப் பார்த்தார். "ஏம்மா, வலிக்காதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு வெந்தா போயிடும்?"

"வலிக்குமே டாக்டர்."

வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் எல்லாருக்கும் அவள் சிஸ்டர். போகப் போக வலிக்கும் சிஸ்டர் ஆனாள். கிண்டலாக ஆரம்பித்த பேர் பிற்பாடு மெடல் மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் என்றைக்காவது அவள், "இது வலிக்காது" என்று சொல்லிவிட்டால், நோயாளி கண்ணை மூடிக்கொண்டு குகை மாதிரி வாயைத் திறந்தார். தெருவில் இரண்டு பேருக்குள் தகராறு என்றால்கூட, "சிஸ்டர் பாத்தாங்களா? அப்ப அவங்களைக் கேளு" என்று கிளினிக் வாசலுக்கு வந்து நின்றிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவள்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக ஒரு பொய்யை வளர்த்து வந்தாள். வளர்த்தாள் என்றால் நிஜமாகவே வளர்த்தாள். தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, தினமும் கூண்டு துடைத்து வளர்த்தாள்.

அது ஒரு ஜோடி ஜாவா குருவி. நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். உடம்பு சாம்பல், தலை கறுப்பு, தடித்துச் சிவந்த மூக்கு, இரண்டு கன்னத்திலும் வட்டமாக வெள்ளை. பல் பிடுங்கின ஆளுக்குப் பஞ்சு வைத்தது போலவே இருக்கும். வாங்கி வந்தவர் டாக்டர் வீட்டம்மா. காத்திருக்கும் அறைக்கும் டாக்டர் அறைக்கும் நடுவில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. உள்ளே டிரில் கிர்ரென்று சுற்றினால் வெளியே ஆறு நாற்காலியில் இரண்டு காலியாகிவிடும். குருவி பாடினால் அந்தச் சத்தம் அமுங்கும் என்று அந்தம்மா நினைத்தார். அது சரியாகத்தான் போயிற்று. டிரில் ஓட ஆரம்பித்தால் ஆண் குருவி போட்டிக்கு வந்தது போலக் கழுத்தை நீட்டிப் பாடும். ஆணுக்குப் பெரியவன், பெண்ணுக்குச் சின்னவள் என்று பேர் வைத்ததும் அவர்தான். "இவருக்குக் கண்ணு பல்லைத் தாண்டிப் போகாது. இதுங்களை நீ பாத்துக்கோ," என்று சிஸ்டரிடம் சொல்லிவைத்தார்.

ஒன்றரை வருஷத்தில் அந்தம்மா காலமானார். அதற்குப் பிறகு மூன்று மாதம் டாக்டர் பேசியதெல்லாம் "திறங்க", "கடிங்க", "துப்புங்க" என்ற மூன்று வார்த்தைதான். வீட்டில் சாப்பிடப் பிடிக்காமல் மதியச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவந்து கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து, திறக்காமலேயே திருப்பி எடுத்துப் போவார். ஒரு நாள் டப்பாவைத் திறந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் குருவியைப் பார்த்து, "தண்ணியை இப்படிக் கொட்டுறியேடா, அவ இருந்தா உன்னைச் சும்மா விடுவாளா?" என்றார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பல் பிடுங்கும் கொறடு கழுவிக்கொண்டிருந்த சிஸ்டர் குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். மனுஷன் பிழைத்துக்கொண்டார் என்று நினைத்தாள்.

அடுத்த வாரம், திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் ஷட்டரைத் தூக்கியபோது பெரியவன் கூண்டின் தரையில் காலை மேலே தூக்கிக் கிடந்தான்.

டாக்டர் ஒன்பதரைக்கு வருவார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் ஓடியது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பறவைக் கடைக்கு ஓடி, மூச்சு வாங்க, "ஜாவா ஒண்ணு. ஆண்," என்றாள். கடைக்காரர் கூண்டுக்குள் கையை விட்டு ஒன்றைப் பிடித்தார். கண்ணைச் சுற்றியிருந்த சிவப்பு வளையத்தைக் காட்டி, "ஆண்தான் அக்கா, கேரண்டி," என்றார். யார் கேட்டாலும் தான் இங்கே குருவி வாங்கியதைச் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். செத்ததைக் கையுறை வந்த அட்டைப் பெட்டியில் வைத்துக் கிளினிக் குப்பையோடு அனுப்பினாள். ஒன்பதரைக்கு டாக்டர் வந்து, "என்ன பெரியவரே," என்றார். கூண்டில் இரண்டு குருவி இருந்தது. யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லையே, தான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் பெரியவன் பாடவில்லை. டிரில் கத்தியது, இது வாயே திறக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. மூன்றாவது வாரம் மதியம் டாக்டர் டப்பாவை மூடிவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"பாத்தியாம்மா? இத்தனை நாள் தாங்கினான். அவ இனிமே வரமாட்டான்னு இப்பத்தான் அவனுக்கு உறைச்சிருக்கு. துக்கம்மா. எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு, அதுவரை யார் முன்னாலும் அழாதவர், குலுங்கிக் குலுங்கி அழுதார். சிஸ்டர் வாயைத் திறந்தாள். "டாக்டர், அது..." என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். அந்த ஒரு முறை மூடிய வாய்தான், இந்த விஷயத்தில் பிறகு பன்னிரண்டு வருஷம் திறக்கவில்லை.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "ஜாவால ஆணும் பொண்ணும் பாக்க ஒண்ணு மாதிரித்தான் அக்கா இருக்கும். பாடினா ஆண். பாடலைன்னா பொண்ணு. இல்லாட்டி மூடு இல்லாத ஆணு." கேரண்டி என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, மாற்றித் தருவதுதான் கேரண்டி என்றார். அன்றைக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்: தன் காதால் பாட்டைக் கேட்காமல் இனி ஆண் குருவி வாங்குவதில்லை. அதனால் விடுமுறை நாளில் பறவைக் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, இருபது ஜாவாக்களில் எது வாயைத் திறக்கப்போகிறது என்று காலையிலிருந்து காத்துக் கிடந்தாள். அவளும் கல்யாணம் ஆகாத தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கைக்கு டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கிற வேலை. அக்கா விடுமுறை நாளில் தலைவாரிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து, "யாருக்கா அவரு?" என்றாள்.

"குருவி."

"சரி சரி, சொல்ல இஷ்டமில்லைன்னா விடு."

நிஜத்தைச் சொல்லி நம்பப்படாமல் போனது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வேடிக்கையாக இருந்ததால் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிடைத்த ஆண் அருமையாகப் பாடியது. என்ன சங்கடம் என்றால், வேறு பாட்டு. ஜாவாவில் ஒவ்வொரு ஆணும் தன்னை வளர்த்த அப்பன் பாடியதைக் கேட்டுத்தான் படிக்கும். அப்பன் வேறென்றால் பாட்டும் வேறு. பழைய பெரியவன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இழுப்பான். இவன் ஆரம்பத்திலேயே இழுத்துவிட்டுக் கடைசியில் தட்டினான். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். டாக்டர் பாதிப் பல்லில் டிரில்லை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்று கேட்டார்.

"மறுபடியும் பாடுறான்மா! அதுவும் புதுப் பாட்டு! இந்த வயசுல, இவ்வளவு துக்கத்துக்கு அப்புறம், புதுசா ஒண்ணு கத்துக்கிட்டிருக்கான் பாரு!"

மறுநாள் முகம் மழித்து வந்தார். காத்திருக்கும் அறைக்குத் திரைச்சீலை மாற்றினார். ஐம்பத்தாறு வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்து, எட்டு வயதுப் பிள்ளைகளோடு மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் முங்கினார். எல்லாம் அந்தத் தவறான கேரண்டியின் உபயம். ஒரு மனிதன் உயிரோடு திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, "அது வேற குருவி டாக்டர்" என்று சொல்ல எந்த நல்லவளுக்கு மனசு வரும்?

அதனால் அடுத்து சின்னவள் செத்தபோதும் ஓடினாள். அதற்கடுத்து பெரியவன் செத்தபோதும் ஓடினாள். ஒரு தடவை அவசரத்தில் வாங்கிய சின்னவள் குஞ்சுப் பருவம் தாண்டாதது. மூக்கு மங்கி, கன்னம் அழுக்கு வெள்ளையாக இருந்தது. டாக்டர் பயந்துபோய் ஏதோ சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார். இரண்டு மாதத்தில் மூக்கு செக்கச் செவேலென்று ஆனது. வயதுக்கு வந்தால் எந்த ஜாவாவுக்கும் ஆவதுதான். டாக்டர் அந்தச் சொட்டு மருந்தைத் தானும் குடிக்க ஆரம்பித்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார்.

கூண்டில் ஓர் அட்டை மாட்டினார். 'எங்களுக்கு வயது எட்டு. இன்னும் பாடுகிறோம்.' வருஷா வருஷம் எண்ணை மாற்றினார். ஒன்பது, பத்து, பன்னிரண்டு. பல்லே வேண்டாம், கஞ்சி குடித்துக்கொள்கிறேன் என்று வந்த கிழவர்கள் அட்டையைப் படித்துவிட்டு முழு செட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். "பறவைக்குப் பத்து வயசுங்கிறது நமக்கு நூறு மாதிரி," என்பார் டாக்டர். "பல்லைப் பாத்து வயசு சொல்றவன் நான். இதுங்களைப் பாத்தா யாராவது வயசைச் சொல்ல முடியுமா?" குருவிக்குப் பல் இல்லை என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்கலாம். டாக்டருக்கு அறுபத்தெட்டு முடியும்வரை சிஸ்டரும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

முதலில் டீ கிளாஸ் தட்டில் கடகடவென்றது. பிறகு மருந்துச் சீட்டில் எழுத்து நெளிந்தது. ஒரு நாள் அவர் கொறடால் பிடித்த பஞ்சு, நோயாளியின் வாய்க்குப் போகிற வழியில் மூக்கைத் தடவிவிட்டுப் போனது. சிஸ்டர் வழக்கம்போல நேராகவே சொன்னாள்.

"கை நடுங்குது டாக்டர்."

"டீ ஜாஸ்தியாயிடுச்சும்மா."

டீயை நிறுத்தினாள். பத்து நாள் கழித்து, "டீ குடிக்கலை. இன்னும் நடுங்குது," என்றாள். டாக்டர் அவளைக் கூண்டுக்கு அழைத்துப் போனார். "பெரியவனுக்குப் பதினாலு வயசு. நேத்து சின்னவ முன்னாடி எப்படிக் குதிச்சுக் குதிச்சு ஆடினான் பாத்தியா? அவன் கால் நடுங்குதா? வயசுங்கிறது மனசுலதான்மா இருக்கு."

அந்தப் பெரியவன் நாலாவது பெரியவன். அவனுக்கு மிஞ்சிப்போனால் நாலு வயது. ஆடாமல் என்ன செய்வான்?

அதே வாரம் டிக்கெட் கவுன்டர் கிளார்க் ஒருவர் பல் அடைக்க வந்தார். டிரில் சறுக்கிக் கன்னத்தின் உள்பக்கம் கிழித்துவிட்டது. பஞ்சு சிவந்தது. "அசைஞ்சுட்டீங்களே," என்றார் டாக்டர். கிளார்க் அசையவில்லை. அது சிஸ்டருக்குத் தெரியும், அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தவளே அவள்தான். வாயில் ரத்தத்தோடு அந்த நல்ல மனிதர் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டார். சிஸ்டர் பேசாமல் இருந்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன்மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு பெண் வரவேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள். கீழ்த்தாடையின் கடைசிப் பல், சாய்ந்து படுத்திருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த மாத்திரத்தில் சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. வேருக்கு அடியிலேயே நரம்பு. பக்கத்திலேயே நாக்குக்குப் போகிற நரம்பு. இப்படிப்பட்ட பல்லைப் பத்து வருஷத்துக்கு முன்னால் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். இந்தக் கையோடு எடுத்தால் அந்தப் பெண்ணின் உதடும் நாக்கும் வாழ்நாளுக்கும் மரத்துப்போகலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தாள். "இருபதாயிரம் பல் எடுத்த கைம்மா இது," என்று டாக்டர் கையை நீட்டிக் காட்டினார். நீட்டிய கை நடுங்கியது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கூண்டை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். தங்கைக்கு முதலில் சிரிப்பு அடங்கவில்லை. "அப்ப நிஜமாவே குருவிதானா?"

"சிரிக்காதே. அவரு கேக்குறதெல்லாம் அந்தக் குருவி பேச்சைத்தான். அந்தக் குருவி நான் பண்ணின வேலை. நாளன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது என் கையால ஆன மாதிரிதான்."

தங்கை யோசித்தாள். நாள் முழுக்க, "இருபத்துநாலு மணி நேரத்துல சரியாயிடும்" என்று வாய் கூசாமல் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். நம்பவைக்கிற கலையில் கரை கண்டவள். "மொட்டையா சொல்லாதே. தேதியோட சொல்லு, எண்ணிக்கையோட சொல்லு. சின்னச் சின்ன விஷயமெல்லாம் சேத்துச் சொல்லு. தேதி இருந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. எங்க ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லித் தருவாங்க," என்றாள்.

"சொன்னா அவரு மனசு உடைஞ்சு போயிடுமேடி. அந்தம்மா வச்சுட்டுப் போனதுன்னு இருக்காரு."

"உடையும்தான். உன்னை வேலையை விட்டே போகச் சொல்லுவாரு."

"அதுக்கு ஒண்ணும் பயமில்ல," என்றாள் அக்கா. அதற்கும் பயமாகத்தான் இருந்தது. இருபத்துநாலு வருஷமாக அவள் சொன்ன வார்த்தையை அவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அந்த முகத்தில் இனி என்ன தெரியும் என்று நினைக்கவே முடியவில்லை.

புதன்கிழமை மதியம், டாக்டர் சாப்பிட்டு முடித்து டப்பாவை மூடியதும், முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர், இது பெரியவன் இல்ல."

"என்னம்மா?"

"அம்மா வாங்கின பெரியவன் அவங்க போய் மூணு மாசத்துல செத்துப்போச்சு. திங்கட்கிழமை காலைல. அதுக்கு அப்புறம் ஆணுன்னு நெனச்சு ஒரு பொண்ணை வாங்கிட்டு வந்தேன். அதான் மூணு வாரம் பாடலை. துக்கமெல்லாம் இல்ல டாக்டர், அது பொண்ணு. அப்புறம் வந்தது வேற ஆணு. அதனாலதான் புதுப் பாட்டு." தங்கை சொல்லிக்கொடுத்தபடி மாதம், வருஷம், மழை பெய்த நாள் எல்லாம் சேர்த்துச் சொன்னாள். "பெரியவன் நாலு பேரு. சின்னவ நாலு பேரு. நடுவுல அந்தப் பொண்ணு ஒண்ணு. மொத்தம் ஒன்பது. இங்க இருக்குற எதுக்கும் பதினாலு வயசு ஆகலை. இதைப் பாத்து நீங்க உங்க கையை நம்பாதீங்க."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். டாக்டர் டப்பாவை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு மெதுவாக, "செத்ததெல்லாம் எங்கே?" என்றார்.

"கிளினிக் குப்பையோட போயிடுச்சு."

"எங்கே வாங்கினே?"

அவள் கடையைச் சொன்னாள். போனைப் போட்டு, இரண்டு பேருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தாள். மறுமுனையில் கடைக்காரர் ஆயிரம் கீச்சுக் குரல்களுக்கு நடுவிலிருந்து பேசினார். பல் டாக்டர் பேசுகிறேன் என்றதும் அவர் உஷாராகிவிட்டார்.

"உங்க சிஸ்டரா? குருவியா? இல்லையே சார். தீனி வாங்க வருவாங்க, அவ்வளவுதான். மாசம் ரெண்டு கிலோ. குருவின்னு ஒண்ணுகூட வாங்கினதில்ல சார்."

"அண்ணே, பரவாயில்ல, உண்மையைச் சொல்லுங்க!" என்று சிஸ்டர் போனுக்குள் கத்தினாள்.

"உண்மையைத்தான் அக்கா சொல்றேன்," என்றார் அவர், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்த சத்தியத்தை இன்றைக்கும் காப்பாற்றுகிற பெருமையோடு. போனை வைத்துவிட்டார். ஆணா பெண்ணா என்பதில்தான் அவர் வாக்கு சுத்தமில்லை, மற்றபடி தங்கமான மனுஷன்.

டாக்டர் எழுந்து உள்ளே போனார். நோயாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"இருபத்துநாலு வருஷமா உன்கிட்ட கெஞ்சியிருக்கேன். ஒரு சின்னப் பொய், வலிக்காதுன்னு. வந்தவன் எழுந்து ஓடினாலும் நீ சொன்னதில்ல. இன்னைக்கு எனக்காக உக்காந்து யோசிச்சு, ஒன்பது குருவி, மழை பெஞ்ச நாளு, தேதி, கிழமைன்னு இவ்வளவு பெரிய பொய்யை ஜோடிச்சுக்கிட்டு வந்திருக்கே."

"பொய் இல்ல டாக்டர். சத்தியமா பொய் இல்ல."

"போதும்மா. உனக்கு வராது. கை காலெல்லாம் எப்படி ஆடுது பாரு. ஒரு தடவை பொய் சொல்றதுக்கு உனக்கு இவ்வளவு ஆகுது." அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்னை மாதிரி ஒருத்தியைப் பொய் சொல்ல வச்சுட்டேன்னா என் கை அவ்வளவு மோசமாவா இருக்கு?"

இதற்கு அவளுக்குப் பதில் தெரியும்.

"ஆமாம் டாக்டர். ரொம்ப மோசமா இருக்கு. அன்னைக்கு அந்த கிளார்க் அசையவே இல்ல."

இதை அவர் நம்பினார். நாற்காலியில் இருந்தபடியே இரண்டு கையையும் முன்னால் நீட்டி வெகுநேரம் பார்த்தார். இந்தத் தடவை கூண்டின் பக்கம் திரும்பவில்லை. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கையெழுத்தை மட்டும் அவர் போட்டார், அது பேப்பரின் ஓரம்வரை நெளிந்து ஓடியது. வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பாட்டு டீச்சர் அந்தக் கடிதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பல் பத்திரமாக வெளியே வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் சிஸ்டர் வீட்டுக்கு வந்து, தங்கை கேட்டதற்கு, "நம்பலை. ஆனா கேட்டுட்டாரு," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நிம்மதியாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. மன்னிக்கச் சொல்லிப் போனவளை மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, தியாகி ஆக்கி அனுப்பிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கிளினிக்கை மூடினார்கள். கடைசி நாள் சாயங்காலம் பழைய நோயாளிகள் வந்து காத்திருக்கும் அறையில் கூடினார்கள். ஆறு நாற்காலிக்கு முப்பது பேர். டீயும் பிஸ்கட்டும் வந்தன. டாக்டர் எல்லாரையும் நன்றாகப் பல் விளக்கச் சொன்னார். குருவிகளைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போவதாகச் சொன்னார். பிறகு சிஸ்டரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இந்த அம்மா ஆயுசுல ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கா. அதையும் எனக்காகச் சொன்னா. அந்தப் பொய்க்குத்தான் நான் இந்த டிரில்லைக் கீழே வச்சேன்."

கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் நின்ற டிக்கெட் கவுன்டர் கிளார்க், ஆறிப்போன கன்னத்தைத் தடவிக்கொண்டு ஆவலோடு கேட்டார்: "அப்படி என்ன சிஸ்டர் பொய் சொன்னீங்க?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மழுப்பியிருக்கலாம். அவளுக்கு அது வராது.

"அம்மா வாங்கிட்டு வந்த ரெண்டு குருவியும் எப்பவோ செத்துப்போச்சுன்னு சொன்னேன்," என்றாள்.

முப்பது தலைகள் கூண்டுப் பக்கம் திரும்பின. பதினாலு வயதுப் பெரியவன் கழுத்தை நீட்டி, சின்னவள் முன்னால் குதித்துக் குதித்துப் பாடிக்கொண்டிருந்தான். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்து, கூண்டின் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். கை நடுங்கியதில் கம்பிகள் கிணுகிணுத்தன. அவர் அதை மறைக்கவில்லை. "நீயே தூக்கிட்டு வாம்மா," என்று கூண்டை அவளிடம் கொடுத்தார்.